குமரகுருபரன் சேர்த்த நிபந்தனைகள்

குமரகுருபரனை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்புறம் பாவமாக இருக்கும். இப்படிப் பாவம் பார்க்க வைத்துவிட்டாரே என்று மறுபடியும் கோபம் வரும். இத்தனை வருஷப் பழக்கத்தில் இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

நான் திருநெல்வேலி ஜங்ஷனில் பங்குத் தரகுக் கிளை ஒன்றை நடத்துகிறவன். வைத்தியலிங்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஷேர் அண்ணாச்சி’ என்றால் ஆட்டோக்காரர்கள் நேராக மாடிப்படி வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இப்போதெல்லாம் சனங்கள் கைப்பேசியிலேயே பங்கு வாங்கி விற்றுக்கொள்கிறார்கள். என் கிளைக்கு மிச்சம் இருப்பது இரண்டே வகை ஆட்கள். கைப்பேசியில் பொத்தானை அழுத்தப் பயப்படுகிறவர்கள் ஒரு வகை. பேச்சுத் துணைக்கு வருகிறவர்கள் இன்னொரு வகை. குமரகுருபரன் இரண்டாவது வகை. வருவார், ஓர நாற்காலியில் உட்கார்வார், விலை ஓடுவதைப் பார்ப்பார், போவார். இன்றுவரை ஒரு பங்குகூட வாங்கியது கிடையாது.

“வாங்காம எதுக்குவே இங்கன வந்து உக்காந்திருக்கீரு? ஏசிக் காத்துக்கா?” என்று கேட்டிருக்கிறேன்.

“வாங்கினா பயமா இருக்கும் அண்ணாச்சி. பாக்கதுக்கு நல்லாருக்கு” என்பார்.

டவுனில் மேல ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்குப் பெரிய வீடு. சைவக் குடும்பம். அப்பா காலத்தில் வயல் எல்லாம் இருந்தது. இவர் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். எந்தச் சரக்கு எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தரவுத்தளத்திடம் கேட்டுச் சொல்கிற வேலை. கேட்பதற்கு எஸ்க்யூஎல் என்று ஒரு மொழி. அதில் எழுதும் கேள்விக்கு க்யூரி என்று பெயர். மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்படுகிறவர், கம்ப்யூட்டரிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சிகளுக்கு முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளினார். முடிந்தது. பிறகு ஜாதகம் சரியில்லை என்றார்கள். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதை எப்போது நிறுத்தினார்கள் என்பது அவருக்கே தெரியாது.

வேலை ஓய்வுக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் ஒரு அறையில் மட்டும்தான் விளக்குப் போடுவார். சிலிண்டர் வருகிற நாளில் காலையிலேயே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பார். கொண்டுவருகிறவனைக் காபி குடிக்கச் சொல்வார். அவனுக்கு நூறு வீடு இருக்கும், நின்று காபி குடிப்பானா? இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாட்களில்தான் அவருக்குக் கேண்டில் பைத்தியம் பிடித்தது. பங்குச் சந்தையில் ஒரு பங்குக்கு ஒரு நாளைக்கு நாலு விலை. காலையில் தொடங்கிய விலை, அன்றைக்குத் தொட்ட உச்சம், தொட்ட அடி, கடைசியில் முடிந்த விலை. இந்த நாலையும் வைத்து ஒரு மெழுகுவர்த்தி மாதிரிப் படம் போடுவார்கள். தொடங்கியதைவிட மேலே முடிந்தால் பச்சை, கீழே முடிந்தால் சிவப்பு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மெழுகுவர்த்திகளின் தோற்றத்தை வைத்து, இனி ஏறும், இனி இறங்கும் என்று கணிப்பவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை. நம்புகிறவர்களிடம் கமிஷன் வாங்கிக்கொள்வேன்.

எல்லாரும் படத்தைக் கண்ணால் பார்ப்பார்கள். குமரகுருபரன் க்யூரி எழுதினார். தினமும் சந்தை முடிந்ததும் அன்றைய விலைகளை இறக்கித் தரவுத்தளத்தில் ஊற்றுவார். ‘இன்ன மாதிரி நின்ற கேண்டில் எது?’ என்று கேட்பார். இருந்தால் ஒரு வரி வந்து விழும். இல்லாவிட்டால் வெறுமை. வந்த வரியை வைத்து என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். “வந்துச்சு அண்ணாச்சி” என்று என்னிடம் வந்து சொல்வார், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான், போன தை மாதம், விஜயஸ்ரீ டீச்சர் என் கிளைக்கு வந்தார். மகாராஜநகரில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகிறது. அவர் வாங்கிப் போட்டிருந்த ஒரு மருந்துக் கம்பெனிப் பங்கு டீச்சர் பெயருக்கு மாறியிருந்தது. மகள் பிரியதர்ஷினி கோயம்புத்தூரில் இருக்கிறாள். பங்கை விற்று எடுத்துக்கொண்டு தன்னோடு வந்துவிடும்படி அம்மாவை அரித்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப வித்தா நல்லது அண்ணாச்சி?” என்று டீச்சர் கேட்டார்.

எனக்கு அன்றைக்கு எரிச்சல். “அது தெரிஞ்சா நான் ஏன்மா இந்த ஓட்டை நாற்காலியில உக்காந்திருக்கேன்? அங்கன ஒருத்தர் இருக்காரு பாருங்க, மெழுகுவத்தி ஜோசியர். அவருட்ட கேளுங்க” என்று ஓர நாற்காலியைக் காட்டிவிட்டேன்.

குமரகுருபரன் எழுந்து நின்றார். டீச்சருக்கு உட்கார இடம் விட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார். அன்றைக்குப் பேசிய அளவு அவர் பேசி நான் பார்த்ததில்லை. ஏறிக்கொண்டிருக்கும் விலை திரும்பும் இடத்தில் ஒரு கேண்டில் வரும் என்றார். முந்தின நாள் ஒரு பச்சை நிற்கும். மறுநாள் விலை அதன் தலைக்கு மேலே தொடங்கி, அதன் காலுக்குக் கீழே போய்ச் சிவப்பாக முடியும். அதாவது இன்றைய சிவப்பு நேற்றைய பச்சையை அப்படியே முழுங்கிவிடும். “அது வரட்டும் டீச்சர். வந்தா வித்துருங்க. நான் தினமும் பாத்துச் சொல்லுதேன்” என்றார்.

டீச்சர் நம்பர் கொடுத்தார், இவர் நம்பரையும் வாங்கிக்கொண்டார். ஆனால் குமரகுருபரன் கூப்பிடவில்லை. எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. காரியம் இல்லாமல் ஒரு வீட்டுப் பொம்பளைக்கு ஆம்பளை ஃபோன் போடக்கூடாது. கேண்டில் வந்தால்தானே காரியம்? வரவில்லை என்று சொல்வது என்ன காரியம்? நாலு நாள் பார்த்துவிட்டு டீச்சரே சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டார்.

“வந்துச்சா ஸார்?”

“வரலை டீச்சர்.”

இப்படித்தான் ஆரம்பம். அதன்பிறகு சந்தை நடக்கும் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அந்த ஃபோன் வந்தது.

கொஞ்ச நாளில் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். “ஸார், போன வருஷக் கணக்குல எத்தனையோ வந்திருக்குன்னு சொன்னியளே. அதுல ஒண்ணுகூட திங்கக்கிழமை இல்லையே, ஏன்?” குமரகுருபரன் க்யூரியைப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். நேற்று என்பதை, தேதியில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் நாள் என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமைக்கு நேற்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை சந்தையே கிடையாது, விலையும் கிடையாது. ஆக, எந்தத் திங்கட்கிழமையும் அவருடைய க்யூரிக்குள் வரவே முடியாது. லேக் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நடுவில் எத்தனை விடுமுறை வந்தாலும், முந்தின வரியின் விலையைத் தூக்கிக்கொண்டுவந்து இன்றைய வரிக்குப் பக்கத்தில் வைக்கும். அதைப் போட்டுத் திருத்தினார். பிழை அகப்பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. “டீச்சர் கண்டுபிடிச்சுட்டாவ அண்ணாச்சி, டீச்சர் கண்டுபிடிச்சுட்டாவ” என்று என் கிளையில் வந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னார்.

பிறகு பேச்சு நீண்டது. அவர் டீச்சருக்கு கேண்டில் படம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். டீச்சர் அவருக்கு, எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுத் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்ற வேண்டும், ஊற்றினபிறகு கொதிக்க விடக்கூடாது என்பதெல்லாம் ஃபோனிலேயே நடந்தது. ஒற்றை ஆளுக்கு எவனாவது சொதி வைப்பானா? இவர் வைத்தார். குறுக்குத்துறையில் ஆற்றில் குளிக்கப் போனால், தண்ணீர் எந்தப் படி வரைக்கும் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்து டீச்சரிடம் சொல்வார். டீச்சருக்குக் காருக்குள் ஏசி ஒத்துக்கொள்ளாது, கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துப்போகும் என்பதெல்லாம் இவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பேச்சு ‘வந்துச்சா ஸார்’ என்றுதான் தொடங்கும். அந்தக் கேள்வி ஒரு வாசல். அதன் வழியாக நுழைந்தால்தான் மற்றதெல்லாம் பேசலாம். முழுங்கின கேண்டில் வந்துவிட்டால் பங்கை விற்றாக வேண்டும். விற்றுவிட்டால் கேட்க ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் டீச்சர் எதற்குக் கூப்பிடுவார்?

ஆடி மாதம் ஒரு நாள் க்யூரியை ஓட்டினார். ஒரு வரி வந்து விழுந்தது.

அவர் பின்னால் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “வந்துட்டு அண்ணாச்சி. எவ்வளவு நாளாத் தேடினேன், வந்தா சந்தோஷமாத்தான இருக்கணும்? ஏன்தான் வந்துச்சோன்னு இருந்துச்சு.” அப்போது ஃபோன் அடித்தது.

“வந்துச்சா ஸார்?”

“வரலை டீச்சர்.”

பொய் சொன்ன மனிதர் அதோடு விட்டாரா? இல்லை. பொய்யை உண்மையாக்கப் பார்த்தார். க்யூரியில் ஓட்டை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ‘அண்ட்’ என்று போட்டு ஒரு நிபந்தனை சேர்த்தார். விற்பனையான பங்கின் எண்ணிக்கை வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற நிபந்தனைதான், குற்றம் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்தார். அந்த வரி காணாமல் போயிற்று. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாராம்.

ஆவணியில் இன்னொரு வரி வந்தது. இன்னொரு ‘அண்ட்’. அதற்கு முந்தின நாட்கள் எல்லாம் விடாமல் ஏறியிருக்க வேண்டும். புரட்டாசியில் இன்னொன்று. சிவப்பின் உயரம் பச்சையைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சந்தேகம் வந்து, அந்த க்யூரியைத் தன்னிடம் இருந்த அத்தனை கம்பெனிகளின் அத்தனை வருஷ விலைகளின் மீதும் ஓட்டிப் பார்த்தார். ஒரு வரிகூட வரவில்லை. இந்த நாட்டில் எந்தப் பங்கும் எந்தக் காலத்திலும் நுழைய முடியாத க்யூரியை எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

நல்லவன் பொய் சொன்னால் அது அவனையே தின்றுவிடும். ஐப்பசியில் அந்த மருந்துக் கம்பெனி சரிய ஆரம்பித்தது. லாபம் குறைந்துவிட்டது என்று செய்தி வந்ததும் ஒரே நாளில் மடமடவென்று இறங்கியது. குமரகுருபரனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு விதவைப் பெண்ணின் சொத்தைத் தன் பேச்சுத் துணைக்காகக் கரைத்துவிட்டோம் என்று நினைத்தார். சேர்த்த நிபந்தனைகளை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தார்; காணாமல் போன வரிகள் திரும்ப வந்து நின்றன. நாலு மணிக்கு ஃபோன் வந்தது.

“வந்துச்சா ஸார்?”

“வந்துட்டு டீச்சர். வித்துருங்க.”



“அப்படியா ஸார்?”

“ஆமா டீச்சர். இனிமேலும் வச்சிருக்கக் கூடாது. நாளைக்குச் சந்தை திறந்ததுமே முடிச்சிருங்க.”

“சரி ஸார். இவ்வளவு நாள் பாத்துச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி.”

மறுநாள் நாலு மணிக்கு ஃபோன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நஷ்டத்தைப் பார்த்து டீச்சருக்குத் தன்மேல் கோபம் என்று இவர் முடிவு கட்டிக்கொண்டார். என் கிளைக்கும் வருவதில்லை. எந்த முகத்தோடு வருவது என்று வீட்டிலேயே கிடந்தார். எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆளைக் காணோமே, காய்ச்சலோ என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகை பிறந்து, மழை விட்ட ஒரு மத்தியானம் டீச்சர் படியேறி வந்தார். கணக்கை மூட வேண்டும் என்றார். கீழே கார் நிற்கிறது, மகள் இருக்கிறாள், அப்படியே கோயம்புத்தூர் போகிறோம், வீட்டைப் பூட்டியாயிற்று என்றார். காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. ஓர நாற்காலியைப் பார்த்தார்.

“ஸார் வரலையா அண்ணாச்சி?”

“ரொம்ப நாளாக் காணோம்மா. உங்களுக்குத்தான தெரியணும், தினமும் பேசுவியளே.”

“இப்பப் பேசுறது இல்லை. அவங்களே வித்துருங்கன்னு சொல்லிட்டாவ.”

எனக்கு விளங்கவில்லை. ஏனென்றால் டீச்சர் அந்தப் பங்கை ஆடி மாதமே விற்றுவிட்டார். என் கையால்தான் விற்றுக் கொடுத்தேன். நல்ல விலை. ஒருத்தர் விற்றதை இன்னொருத்தரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். உங்களிடமே இவ்வளவு நேரம் சொல்லவில்லை, பார்த்தீர்களா? குமரகுருபரன் சொல்லித்தான் விற்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

“நீங்க ஆடியிலேயே வித்தாச்சேம்மா!”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். “அன்னைக்கு ஃபோன்ல படத்தை நானே பாத்தேன் அண்ணாச்சி. செவப்பு பச்சையை முழுங்கி நல்லாத் தெரிஞ்சுது. ஸார் சொல்லிக் குடுத்ததுதான. வந்துச்சான்னு கேட்டேன், வரலைன்னாவ. எனக்கே தெரியுது, அவங்களுக்கா தெரியாது? ஏன் அப்படிச் சொன்னாவன்னு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க மனசு நிறைஞ்சு போச்சு. மறுநாள் உங்ககிட்ட வந்து வித்தேன். மககிட்டகூட சொல்லலை. வெலை வரலை, வரலைன்னே சொல்லி இங்கன இருந்துக்கிட்டேன்.”

“பெறகு என்னம்மா?”

“பெறகு என்ன? ஸாரே ஒரு நாள் ‘கேண்டில் வந்துட்டு, வித்துருங்க’ன்னு சொல்லிட்டாவ. இனிமே கூப்பிட வேண்டாம், போதும்னுதான அர்த்தம்? அதுக்கு மேல நான் எப்படிக் கூப்பிட அண்ணாச்சி?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லி, படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு மண்டை கொதித்தது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனேன். குமரகுருபரன் கதவைத் திறந்தார். முகத்தில் ஒரு வாரத்துத் தாடி. வந்தவனை உட்காரக்கூடச் சொல்லாமல், “டீச்சர் ஏதும் சொன்னாவளா அண்ணாச்சி? ரொம்ப நட்டமா?” என்று கேட்டார். மேலே நான் சொன்ன அவர் பக்கத்துக் கதையெல்லாம் அப்போதுதான் எனக்குச் சொன்னார். சொல்லி முடித்ததும் டீச்சர் பக்கத்துக் கதையை நான் சொன்னேன். தொழில் ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது!

அவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப... தெரிஞ்சுக்கிட்டேதான் கூப்பிட்டாவளா?”

“ஆமாவே! தெரிஞ்சுக்கிட்டே! நீரு பொய் சொல்லுதீருன்னு தெரிஞ்சுக்கிட்டே! இப்பக் கார்ல போய்க்கிட்டு இருக்காவ. கோவில்பட்டிகூடத் தாண்டியிருக்காது. எடும் ஃபோனை.”

அவர் எடுக்கவில்லை. “என்ன சொல்லிக் கூப்பிட அண்ணாச்சி? இனிமே ஒரு காரியமும் இல்லையே” என்றார்.

“காரியம் எதுக்குவே? சும்மா கூப்பிடும்!”

“சும்மா எப்படிக் கூப்பிட?”

இந்த ஆளோடு என்ன பேச? என் ஃபோனை எடுத்து நானே போட்டேன். ஸ்பீக்கரை அழுத்தி அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். மணி அடித்தது. எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

பேசும், பேசும் என்று கண்ணால் மிரட்டினேன். அவர் இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டுத் தலையை ஆட்டினார்.

“அண்ணாச்சி? கேக்குதா?”

“கேக்குதும்மா” என்றேன். என் வாயில் வந்ததைச் சொன்னேன். “ஒரு தாள்ல கையெழுத்து விட்டுப்போச்சு. தபால்ல அனுப்புதேன், போட்டு அனுப்புங்க.”

“சரி, அனுப்புங்க.” வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “அண்ணாச்சி, ஸாரைப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க. சொதிக்கு இஞ்சி கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க.”

நான் அவரைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “சொல்லுதேம்மா” என்றேன். ஃபோன் கட்டாகிவிட்டது.

குமரகுருபரன் தலையைத் தூக்கினார்.

“குரல் கம்மியிருக்கே அண்ணாச்சி. கார்ல ஏசி போட்டிருப்பாவ. அவங்களுக்கு ஒத்துக்காது. கொஞ்சம் அமத்தச் சொல்லியிருக்கலாம்.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அந்த மனிதரை அடித்திருப்பேன், இல்லாவிட்டால் நான் அழுதிருப்பேன்.